சமையலறையை இடிக்காமல் விற்ற வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு தனி வீடு. கட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூடம், சமையலறை, 2 படுக்கையறை, 2 குளியலறை. கட்டியவர்களே கடைசிவரை அதில் குடியிருந்தார்கள். கணவர் காலமான பிறகு அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட, வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு விற்க முடிவெடுத்து விளம்பரம் கொடுத்தார்கள். பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. விலை பேசிய இரண்டொருவரும் கேட்ட விலையிலிருந்து பெரிய தொகையைக் கழித்தார்கள். காரணம் கேட்டால், "உள்ளே இன்னும் என்னென்ன வேலை கிடக்கோ" என்பதுதான் பதில்.

விற்பனைக்கு முன் வீடுகளைப் பார்த்துச் சீர்செய்து கொடுப்பது என் தொழில். மகள்தான் என்னை அழைத்தார். போனபோது இருவரும் ஒரு திட்டத்தோடு இருந்தார்கள். "தம்பி, சமையலறை ரொம்பப் பழசாயிடுச்சு. அதை மட்டும் முழுசா மாத்திட்டா வீடு போயிடும்ல?" என்று அம்மா கேட்டார். அவர்கள் ஒதுக்கியிருந்த பணம் மொத்தமும் அந்த ஒரு அறைக்கே சரியாக இருந்திருக்கும்.

வேண்டாம் என்று சொன்னேன். புதுச் சமையலறை என்பது குடியிருப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. மேடையின் நிறம், அலமாரியின் கதவு, அடுப்பு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றும் ஆளுக்கு ஆள் மாறும். முகம் தெரியாத ஒருவரின் ரசனையை ஊகித்துப் பெருந்தொகையைக் கொட்டினால், அதில் எவ்வளவு விலையாகத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அமெரிக்காவில் 'ரீமாடலிங்' இதழ் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த செலவு–மதிப்பு ஒப்பீட்டிலும் இதைப் பார்க்கலாம். ஆடம்பரமான முழுச் சமையலறை மாற்றத்தைவிட, இருப்பதை வைத்துக்கொண்டு செய்யும் சிறிய புதுப்பிப்பில்தான் போட்ட பணத்தின் பெரும்பங்கு திரும்புகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமானது. பழைய கார் சந்தையை வைத்துப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கோளாறான வண்டி எது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேகத்தைக் கழித்துக்கொண்டே விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் நஷ்டப்படுவார். இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவை மட்டும் யாரும் கழிப்பதில்லை. அதற்குப் பின்னால் என்ன இருக்குமோ என்று தோன்றுவதைச் சேர்த்துக் கழிக்கிறார்கள். இந்த வீட்டில் அஸ்திவாரமும் கூரைத் தளமும் மின் இணைப்பும் நன்றாகவே இருந்தன. பார்க்க வந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

எனவே ஒவ்வொரு குறையிடமும் இரண்டு கேள்வி கேட்டோம். இதைப் பார்ப்பவர் மனதில் எவ்வளவு பெரிய சந்தேகம் கிளம்பும்? அதைத் தீர்க்க எவ்வளவு ஆகும்? பெரிய சந்தேகம், சிறிய செலவு என்று வருவதெல்லாம் முதலில்.

வாசலிலிருந்து ஒரு சுற்று

வீட்டுக்காரர்களின் கண் பழகிப்போயிருக்கும். உடைந்த கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு, அது உடைந்தது என்பதே மறந்துவிடும். மூக்கு இன்னும் மோசம். எந்த வாசனைக்கும் சீக்கிரமே பழகிவிடும். அதனால் அந்த வீட்டை முன்பின் பார்த்திராத என் பெயிண்டரை அழைத்துப்போய், எதுவும் சொல்லாமல் வாசலிலிருந்து உள்ளே நடக்கச் சொன்னேன். கண்ணில் பட்டதை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டார்.

துருப்பிடித்த கேட். தரையில் உரசும் முன்கதவு. கூடத்தில் ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு, எதிர்மூலையில் நீல வெள்ளை விளக்கு. படுக்கையறையில் முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த சுவர். ஜன்னலுக்கு மேல் விரிசல். குளியலறையில் சாக்கடை நாற்றம், கறுத்துப்போன சிலிக்கான் (மூலை இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற பசை), வெள்ளை படிந்த குழாய்கள். தொங்கும் அலமாரிக் கதவுகள். பட்டியல் நீண்டபோது அம்மாவின் முகம் வாடியது. ஆனால் அதில் பெரும்பாலானவை ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்கிற வேலைகள்தான். உண்மையிலேயே ஆராய வேண்டியவை இரண்டு: ஓதமும் (சுவரில் ஊறும் ஈரம்) விரிசலும்.

ஓதம்

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. குடும்பத்தார் முன்பே இரண்டு முறை அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் கொப்பளித்து உதிர்ந்திருக்கிறது. இப்போது தொட்டால் காய்ந்திருந்தது. "ஈரம் போயிடுச்சு, ஓதம் தாங்குற பெயிண்ட்டா வாங்கி அடிச்சிடலாமே" என்றார் மகள்.

உப்புப் பூப்பது சுவருக்குள் தண்ணீர் நடமாடியதற்கான அடையாளம். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகி மேலே நிற்கிறது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் உள்பக்கம் கெட்டியான பெயிண்ட் பூசினால், படிகம் அந்தப் பூச்சுக்கு அடியில் வளர்ந்து அதைத் தள்ளிவிடும். முன்பு இரண்டு முறை நடந்ததும் இதுதான்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்தோம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. பிறகு சில நாட்கள் குளியலறையில் வழக்கம்போல ஷவரைத் திறந்துவிட்டோம். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்தது. அறையைப் பார்த்த பக்கம் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம், வழி வேறு. இங்கே தண்ணீர் சுவருக்குள்ளிருந்துதான் வந்தது. குழாய்க் கசிவாக இருக்குமோ? வீடு பூட்டிக் கிடந்த மாதங்களிலும் குழாயில் தண்ணீர் இருந்துகொண்டேதான் இருந்தது. குழாய் கசிந்திருந்தால் அப்போதும் சுவர் நனைந்திருக்கும். குளித்தால் மட்டும் நனைகிறது என்றால், தரையும் சுவரும் சேரும் இடத்தில் வழி இருக்கிறது என்று பொருள்.

டைல்ஸைப் பெயர்க்கவில்லை. தரையை ஒட்டிய கீழ் வரிசைகளில் டைல்ஸ் இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவையான கிரவுட்டில் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தோம். மேலோடு பூசினால் உதிர்ந்துவிடும். 2, 3 மில்லிமீட்டர் ஆழமாவது பழையது போக வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான். இரண்டு பரப்பும் சற்றே அசையும் இடம் அது. கிரவுட் இறுகி விரிசல் விடும், சிலிக்கான் வளைந்துகொடுக்கும். இறுகிய பழைய சிலிக்கான்மேல் புதியது பிடிக்காது என்பதால் கறுத்துப்போனதை முழுக்கக் கீறி எடுத்தோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விட்டு, மறுபடி ஷவர், மறுபடி பிளாஸ்டிக் தாள். இம்முறை தாள் காய்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகுதான் படுக்கையறைப் பக்கம் கை வைத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளினோம். ஈரத்துணி போட்டால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுப்பூச்சு பூசினோம். புது சிமென்ட் பூச்சில் காரம் அதிகம். சீக்கிரம் பெயிண்ட் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். வழக்கமான 28 நாள் காத்திருப்பை இங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. மகளுக்கு அவசரம். அவரைச் சமாதானப்படுத்தியது அந்த நாட்களில் மற்ற வேலைகள் நடந்துகொண்டிருந்ததுதான். ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் பிடித்து வைக்கச் சொன்னேன்.

விரிசலும் நாற்றமும்

பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வெளியிட்ட 251-ஆம் எண் வழிகாட்டி விரிசல்களை அகலத்தை வைத்து வகைப்படுத்துகிறது. 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவானது மயிரிழை, 1 மில்லிமீட்டர் வரை நுண்ணியது. 5 மில்லிமீட்டர் வரையிலும் பெரும்பாலும் தோற்றம் சார்ந்தது. ஆனால் அகலத்தோடு, விரிசல் வளர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வீட்டின் விரிசல்கள் 1 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அவற்றின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். ஓதச் சுவர் காயும்வரை கோட்டைத் தாண்டி எதுவும் நீளவில்லை. பிறகே கீறி அகலப்படுத்தி, வலை டேப் ஒட்டிப் பட்டி பார்த்தோம். படிக்கட்டுபோலச் செங்கல் இடுக்கில் ஏறும் விரிசலோ, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகும் விரிசலோ இருந்திருந்தால் பட்டிக்கு முன் பொறியாளரைத்தான் அழைத்திருப்பேன்.

நாற்றத்துக்கு ஏறக்குறைய செலவே இல்லை. குளியலறைத் தரையில் நீர் போகும் வழியில் வளைவான ஒரு பகுதி இருக்கும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ஆளில்லாத வீட்டில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினோம், நாற்றம் நின்றது. மேலே சில துளி எண்ணெய் விட்டால் வற்றுவது மெதுவாகும். வாசனைத் திரவியம் அடித்து மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. வாங்க வருபவர் எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்.

பெயிண்ட்

மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி இதற்குப் போனது. அதிலும் பெரும்பகுதி கூலி. இங்கே சிக்கனம் என்றால் விலை குறைந்த பெயிண்ட் வாங்குவதில்லை. எங்கே அடிப்பது, எத்தனை நிறம் என்பதைக் குறைப்பது.

கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைக்கும் ஒரே நிறம், லேசான பழுப்பு கலந்த வெள்ளை. ஒரே நிறமாக இருந்தால் அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வீடு பெரிதாகத் தெரியும், டப்பாவில் மிச்சமும் குறையும். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையான எண்ணால் குறிப்பார்கள். நிற அட்டையிலோ தயாரிப்பாளரின் விவரத்திலோ கிடைக்கும். 75-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். பளபளப்பு இல்லாத மேட் வகைதான் பழைய சுவருக்கு ஏற்றது. பளபளப்பு ஏற ஏற மேடு பள்ளம் எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், பெரிய தாளில் அடித்து அந்தந்த அறையிலேயே காலையிலும் மாலையிலும் பார்த்தோம்.

அளவுக் கணக்கு எளிது. 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 5 கழித்தால் 37. இரண்டு கோட்டுக்கு, அதாவது இரண்டு முறை அடிக்க, 74. வழுவழுப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை ஒரு கோட்டு வரும். ஆக ஏழு லிட்டர் வேண்டும். இதைப் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போனால் ஒன்று மீந்துபோகும், இல்லை வேலைக்கு நடுவில் தீர்ந்துபோகும்.

கதவுகளில் பழைய வெள்ளை எனாமல் மஞ்சளாகியிருந்தது. எண்ணெய் சார்ந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் அதிகமாக மஞ்சளிக்கும். எப்போதும் திறந்தே கிடந்த கதவுகளின் சுவர்ப்பக்கம்தான் மோசம். அதன்மேல் நேராக நீர்சார்ந்த பெயிண்ட் அடித்தால் தோலாக உரிந்து வரும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொன்று, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் பெயிண்ட். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்க விடவில்லை. நனைத்துத் தேய்த்தார்கள், முகக்கவசம் போட்டார்கள், கழிவை உடனே அள்ளிக் கட்டினார்கள். இன்று பல நாடுகளில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இருக்கிறது; பழைய பூச்சுகளில் அந்த வரம்பை எதிர்பார்க்க முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் துளியும் அசட்டை கூடாது.

ஒரு படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் அடர்ஊதா. அம்மாவின் கணவர் ஆசைப்பட்டு அடித்தது. அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த வாக்கியத்தை எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. விற்கும் வீடு ஒருவர் வாழ்ந்த வீடும்கூட என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. மற்ற அறைகளை முடித்துக் காட்டிய பிறகு அம்மாவே, "இதையும் அடிச்சிடுப்பா" என்றார். அடர்நிறத்தின்மேல் பிரைமர் இல்லாமல் வெளிர்நிறம் ஏறாது. அந்தச் சுவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோட்டு பிரைமர்.

விளக்கு, சமையலறை, வாசல்

விளக்குகளின் ஒளி நிறத்தை ஒன்றாக்கினோம். கூடத்திலும் படுக்கையறையிலும் 3000 கெல்வின் (இதமான மஞ்சள் சாயல்), சமையலறையிலும் குளியலறையிலும் 4000 (அதைவிட வெண்மை). பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் என்பது 800 லூமன் அளவு. எல்இடியில் 9 வாட் அதைத் தரும். டப்பாவில் வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பார்த்து வாங்க வேண்டும். நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு (சிஆர்ஐ) 90-க்கு மேல் இருந்தால் புதுப் பெயிண்ட் செத்த நிறமாகத் தெரியாது. இவை எல்லாவற்றையும்விட மலிவானது ஜன்னல் கண்ணாடியைக் கழுவியது.

சமையலறை அலமாரிகளின் பெட்டிகள் உறுதியாக இருந்தன. தொங்கிய கதவுகளைக் கீலில் உள்ள திருகுகளைத் திருப்பியே நேராக்க முடிந்தது. மரத்தில் துளை தளர்ந்திருந்த இடங்களில் பசை தடவிய மரக்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் மறுபடி திருகினோம். கைப்பிடிகளை மட்டும் புதிதாக வாங்கினோம். வாங்கும் முன் பழைய துளைகளின் மையத்திலிருந்து மையம்வரை அளக்க வேண்டும். 96, 128 மில்லிமீட்டர் ஆகியவை பரவலான அளவுகள். இங்கே 96. அதே அளவில் வாங்கியதால் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை, அடைக்கவும் இல்லை.

குழாய்களில் படிந்த வெள்ளை, கடின நீரின் சுண்ணாம்பு. சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்துத் துடைத்தால் போகும். பளிங்கிலும் மொசைக் தரையிலும் அமிலம் பட்டால் மெருகு அரித்துவிடும், அங்கே சோப்புத் தண்ணீர் போதும். பிளீச்சும் அமிலமும் ஒருபோதும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். வேலையாட்களுக்கு இதை வாயால் சொன்னால் போதாது. இரண்டையும் ஒரே நாளில் வீட்டுக்குள் கொண்டுவராமல் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் கேட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் எனாமலும் அடித்தோம். முன்கதவு உரசியதற்கு மேல்கீலின் திருகுகள் தளர்ந்ததே காரணம். நீளமான திருகு போட்டதும் கதவு தூக்கிக்கொண்டது. பூட்டுக்கு கிராஃபைட் பொடி. பார்க்க வருபவர்கள் சாவி திரும்பும்வரை அந்தக் கதவுக்கு முன்னால் சும்மா நிற்பார்கள், கண் அங்கேயேதான் இருக்கும்.

ஒரு குளியலறை டைல் உடைந்திருந்தது. அதே நிறம் எங்கும் கிடைக்கவில்லை. பொருந்தாத ஒன்றை ஒட்டுவதைவிட விட்டுவிடுவதே மேல் என்று விட்டோம். பொய்க்கூரை, சுவர்த்தாள், டைல் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. இவை எதையாவது மூடுவதற்காகப் போட்டதோ என்ற எண்ணத்தை உண்டாக்கும்.

விற்பனை

படங்களைப் பகல் வெளிச்சத்தில், இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் கேமராவை நேராக வைத்து மறுபடி எடுத்தோம். விலையை மாற்றவில்லை. பார்க்க வந்தவர்களிடம் ஒரு ஆவணக் கோப்பைக் கொடுத்தோம்: ஓதம் எப்படி வந்தது, என்ன செய்தோம், தேதியிட்ட படங்கள், விரிசலின் பென்சில் குறிகள், உடைந்த டைல். இடைத்தரகர் முதலில் முகம் சுளித்தார். இருக்கிற குறையை நாமே எடுத்துக்கொடுப்பதா என்றார். தெரிந்த குறையை மறைத்து விற்பது தவறு, பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட. அதோடு, தண்ணீர் வந்த வழியை அடைத்த கதையைப் படிப்பவர் மற்ற இடங்களையும் இப்படித்தான் கவனித்திருப்பார்கள் என்று நம்ப ஆரம்பிக்கிறார்.

வாங்கியவர்கள் தங்கள் பொறியாளரை அழைத்துவந்து ஈரமானியால் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். பேரம் உடைந்த டைலையும் பழைய வாட்டர் ஹீட்டரையும் பற்றித்தான் நடந்தது. கேட்ட விலையிலிருந்து சிறு தொகை குறைத்து முடிந்தது. சமையலறையைத் தங்கள் விருப்பப்படி பிறகு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். மொத்த வேலைக்கும் ஆனது, புதுச் சமையலறைக்கு வாங்கியிருந்த மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அதில் பாதி பெயிண்ட், கால்பங்கு ஓதமும் குளியலறையும், மிச்சம் விளக்கு, கைப்பிடி, வாசல்.

இதே வரிசையை எல்லா வீட்டுக்கும் போட முடியாது. வாங்குபவர் வீட்டை இடித்துவிட்டு மனையைத்தான் எடுக்கப்போகிறார் என்றால் பெயிண்ட்டுக்குக்கூடச் செலவழிக்கத் தேவையில்லை. சுத்தம் செய்து ஆவணங்களை ஒழுங்காக வைத்தால் போதும். கூரையோ அஸ்திவாரமோ பழுதான வீட்டில் இந்த மேல்பூச்சு வேலைகளுக்கு முன் பொறியாளரின் அறிக்கை வேண்டும். சரிசெய்யப் பணம் இல்லையென்றால் அறிக்கையோடு, அதற்கேற்ற விலையில் விற்பதே நேர்மை. வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டில் குடியிருப்பவரின் சம்மதத்தோடு விளக்கு, குழாய், கதவு என்று ஒரு நாளில் முடியும் வேலைகளை மட்டும் எடுத்து, பெயிண்ட்டை அவர் காலி செய்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.